வாடகை வீட்டுக் கதவுக்கு எந்த எண்பூட்டு?

வாடகைக்கு விடும் வீட்டில் சாவிப் பூட்டின் தொல்லை, குடியிருந்தவர் காலி செய்யும் நாளில்தான் தெரியவரும். இரண்டு சாவி கொடுத்தோம், இரண்டும் திரும்பி வந்துவிட்டன. நடுவில் எத்தனை டூப்ளிகேட் போட்டார்கள், அவை இப்போது யார் யார் கையில் இருக்கின்றன என்பது அவர்களுக்கே நினைவிருக்காது. முறைப்படி செய்வதென்றால் ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் பூட்டின் சிலிண்டரை, அதாவது சாவி நுழையும் உட்பகுதியை, மாற்ற வேண்டும். நிறைய பேர் மாற்றுவதில்லை. எண்பூட்டு மீது வீட்டுக்காரர்களுக்கு ஆசை வருவது இதனால்தான்.

ஆனால் எண் அழுத்தித் திறக்கும் பூட்டுகள் எல்லாம் ஒரே சாமான் இல்லை. பேட்டரியே இல்லாத இயந்திரப் பூட்டு, பேட்டரி உண்டு ஆனால் இணையம் இல்லாத கீபேட் பூட்டு, வைஃபையில் ஓடும் ஸ்மார்ட் பூட்டு, இணையம் இல்லாமலே நாள் கணக்குக்கு எண் தரும் பூட்டு என்று நான்கு வகை இருக்கின்றன. இவற்றை எடைபோட நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஆள் மாறும்போது பழைய எண்ணைச் செல்லாததாக்க எவ்வளவு பாடுபட வேண்டும்? உடைக்க முடியுமா முடியாதா என்பதெல்லாம் அப்புறம். வாடகை வீட்டில் நமக்குக் கவலை பூட்டை உடைப்பவரைப் பற்றி இல்லை, எண் தெரிந்த பழைய ஆளைப் பற்றித்தான்.

இயந்திரப் பூட்டு

இதில் மின்சாரமே கிடையாது. பட்டனை அழுத்தி, குமிழைத் திருப்பினால் திறக்கும். மழையில் நனைந்தாலும் வருடக்கணக்கில் உழைக்கும். பேட்டரி தீர்ந்து வாசலில் நிற்கும் கதை இதில் வராது.

எண்ணிக்கைக்கு வந்தால்தான் சறுக்கும். பத்துப் பட்டன் உள்ள பல மாடல்களில் அழுத்தும் வரிசை பூட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. 2468 என்றாலும் 8642 என்றாலும் திறக்கும். ஒரு பட்டனை இரண்டு முறை பயன்படுத்தவும் முடியாது. ஆகவே நான்கு இலக்கத்துக்கு 10,000 எண் இருக்கும் என்று நாம் நினைத்திருப்போம், உண்மையில் இருப்பது 210. ஐந்து பட்டனாகக் கூட்டினால் 252. ஆறாக்கினால் இன்னும் ஏறாது, மறுபடி 210-க்கே இறங்கிவிடும்! பல கட்டடங்களில் பார்க்கக்கூடிய சிம்ப்ளெக்ஸ் ஐந்து பட்டன் பூட்டில் வரிசை முக்கியம், இரண்டு பட்டன்களைச் சேர்த்தும் அழுத்தலாம். அதிலும் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் எண்கள்தான். அந்த வகையில் ஒரு மாடலை வலுவான காந்தத்தை வைத்தே திறக்கலாம் என்று 2010-இல் அமெரிக்காவில் வழக்குகள் வரை போனது.

இதைவிட எனக்குப் பெரிய குறை வேறு. எண்ணை மாற்ற வேண்டுமானால், பழைய பாணிப் பூட்டைக் கதவிலிருந்து கழற்ற வேண்டும். பின்தகட்டின் ஸ்க்ரூவை எடுத்து, உள்ளே பொடிப்பொடியாக இருக்கும் துண்டுகளை இடுக்கியால் இடம் மாற்றி வைத்து, ஒன்றும் தரையில் உருண்டு ஓடாமல் மறுபடி மூட வேண்டும். கதவிலிருந்து கழற்றாமலே எண் மாற்றும் மாடல்களும் இப்போது வந்துவிட்டன, வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். மற்றதில் எண் போட்டது போட்டதுதான். அதிலும் எல்லோருக்கும் ஒரே எண். பொதுக் கேட், மொட்டை மாடிக் கதவு, துணி துவைக்கும் அறை ஆகியவற்றுக்கு இது போதும். வீட்டு வாசலுக்கு வேண்டாம்.

பேட்டரி உண்டு, இணையம் இல்லை

நீண்ட நாள் குடியிருப்பவர் உள்ள வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதற்குள்ளேயே இரண்டு ஜாதி இருக்கிறது, விளம்பர அட்டையில் அதை யாரும் பெரிதாகப் போடுவதில்லை. ஒன்றில் எண் சரியாக இருந்தால் மோட்டாரே போல்ட்டை இழுத்துக்கொள்ளும். இன்னொன்றில் எண் சரியானால் குமிழ் மட்டும் உள்ளே பிடிப்புக்கு வரும், போல்ட்டை நம் கையால் திருப்ப வேண்டும். பார்க்க முதலாவதுதான் பகட்டு. வாடகை வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி.

காரணம் கதவு. மரக்கதவு ஈரத்தில் ஊதும், கீல் தளரும், கதவு நிலையோடு சரியாகப் பொருந்தாமல் ஒரு நூல் தள்ளி நிற்கும். கையால் பூட்டுபவர் கதவைத் தன் பக்கம் லேசாக இழுத்துப் பிடித்துத் திருப்புவார், அவருக்கு அது வித்தியாசமாகவே தெரியாது. மோட்டாருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. முட்டும், திணறும், பாதியில் நிற்கும், பேட்டரியையும் தின்றுவிடும். பூட்டு கெட்டுவிட்டது என்று போன் வரும். பார்த்தால் நிலையில் இருக்கும் ஓட்டையைக் கொஞ்சம் அரத்தால் பெரிதாக்க வேண்டியதுதான் வேலையாக இருக்கும். கையால் திருப்பும் வகையில் பேட்டரி சுமப்பது பட்டன் விளக்கையும் அந்தச் சின்னப் பிடிப்பையும் மட்டும்தான், அதனால் மோட்டார் வகையைவிட வெகுநாள் தாங்கும்.

பேட்டரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நான்கு ஏஏ போடுவார்கள். சாதாரண ஆல்கலைனே நல்லது. வழக்கமான ரீசார்ஜ் வகை 1.5 வோல்ட் இல்லை, 1.2 வோல்ட்தான், அதனால் பூட்டு எடுத்தவுடனே பேட்டரி குறைவு என்று புலம்பத் தொடங்கும். லித்தியம் அதற்கு நேர் எதிர். கடைசிவரை முழு வோல்ட்டைக் காட்டிவிட்டுச் சட்டென்று விழும், எச்சரிக்கை விளக்கு எரிய அவகாசமே இருக்காது. சாவித்துளை இல்லாத சில பூட்டுகளின் அடிப்பகுதியில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் இருக்கும். ஒரு 9 வோல்ட் பேட்டரியை அதில் ஒட்டிப் பிடித்தபடி எண்ணை அழுத்தினால் கதவு திறந்துவிடும். இதைக் குடிவரும் நாளிலேயே காட்டிவிட வேண்டும், நள்ளிரவில் போனில் விளக்கும் விஷயமில்லை இது.

எண்ணை மாற்றுவது வாசலில் நின்று ஒரு நிமிட வேலை. மாற்ற வேண்டியவர்களுக்கு மட்டும் மாற்றலாம்: குடியிருப்பவருக்கு ஓர் எண், வீட்டுக்காரருக்கு ஓர் எண், பிளம்பர் வரும் நாளுக்கு ஒன்று போட்டு மாலையில் அழித்துவிடலாம். ஒரே ஒரு கவனம்: எண்களைச் சேர்க்கவும் அழிக்கவும் உதவும் மாஸ்டர் எண்ணைப் பல பூட்டுகளில் உட்பக்கத் தகட்டுக்குப் பின்னால் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். உட்பக்கம் குடியிருப்பவருடையது அல்லவா? ஸ்டிக்கரைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு உரித்துவிடுங்கள், மாற்ற முடிந்தால் மாஸ்டர் எண்ணையும் மாற்றிவிடுங்கள்.

நான்கு இலக்க எண் போதுமா என்றால், நாலைந்து தப்புக்குப் பிறகு கொஞ்ச நேரம் அடம்பிடிக்கும் பூட்டாக இருந்தால் போதும். பட்டன் தேய்வதுதான் ஆபத்து. ஒரே எண்ணை இரண்டு வருடம் அழுத்தினால் நான்கு பட்டன் மட்டும் பளபளக்கும். அந்த நான்கை மாற்றி மாற்றி அடுக்க 24 வழிதான். ஒரு இலக்கம் இரண்டு முறை வரும் எண்ணாக இருந்தால் தேய்வது மூன்று பட்டன், வழியோ 36. அப்படிப் போடுவது ஒரு சின்ன லாபம். பிறந்த ஆண்டைப் போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை, 19 அல்லது 20 என்று தொடங்கி யாரும் ஊகித்துவிடுவார்கள்.

வைஃபை பூட்டு

எங்கோ உட்கார்ந்துகொண்டு எண்ணை அழிக்கலாம், புது எண் போடலாம். என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்தப் பூட்டிலும் இல்லை. ஆனாலும் நீண்ட நாள் வாடகைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஒன்று, அந்த வீட்டில் இணையம் யாருடையது? குடியிருப்பவருடையது. காலி செய்யும்போது ரூட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். எண்ணை மாற்ற வேண்டிய அதே நாளில் பூட்டு காது கேளாததாகிவிடும். இரண்டு, வைஃபை பேட்டரியைச் சீக்கிரம் குடிக்கும். மூன்று, கம்பெனி அனுப்பும் அப்டேட். 2017 ஆகஸ்டில் வைஃபை பூட்டு விற்கும் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு மாடலுக்கு உரிய மென்பொருளைத் தவறுதலாக வேறு மாடலுக்கு அனுப்பியது. சுமார் 500 வாடிக்கையாளர்களின் பூட்டுகளில் கீபேட் செத்துப்போனது. பாதிக்கப்பட்டவர்களில் ஏர்பிஎன்பி என்ற இணையதளம் வழியாக விருந்தினர்களுக்கு வீடு விடுபவர்களும் இருந்தார்கள். சாவித்துளை இருந்ததால் சாவி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

நான்காவது, உறவைக் கெடுக்கும். யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்ற பதிவு வீட்டுக்காரர் போனில் வந்து விழும். நியூயார்க்கில் ஒரு கட்டடத்தில் ஸ்மார்ட் பூட்டு போட்டதை எதிர்த்துக் குடியிருப்பவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2019-இல் அவர்களுக்குச் சாதாரணச் சாவி தர வீட்டு உரிமையாளர் ஒப்புக்கொண்டார். 2021-இல் அந்த நகரமே, இத்தகைய பூட்டுகள் குடியிருப்பவரைப் பற்றி எதைச் சேகரிக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இல்லாத ஊரிலும், இரவு எத்தனை மணிக்கு வந்தேன் என்று என் வீட்டுக்காரர் பார்க்க முடியும் என்றால் எனக்குப் பிடிக்காது.

வாரத்துக்கு மூன்று விருந்தினர் மாறும் வீடு என்றால் நிலைமை வேறு. அங்கே இணையமும் வீட்டுக்காரருடையது, யார் எப்போது வருகிறார் என்பதும் ஏற்கெனவே தெரிந்தது. அங்கே தாராளமாகப் போடலாம்.

நாள் கணக்குக்கு எண் தரும் பூட்டு

குறுகிய தங்கலுக்கு வைஃபையை விட எனக்குப் பிடித்தது இது. ஓடிபி ஆப் வேலை செய்யும் அதே தத்துவம்: பூட்டிடமும் ஆப்பிடமும் பொதுவான ஒரு ரகசியமும் கடிகாரமும் இருக்கும். வெள்ளி மதியம் 2 மணி முதல் ஞாயிறு காலை 11 வரை என்று ஆப்பில் கேட்டால் அது கணக்குப் போட்டு ஓர் எண் தரும். பூட்டு இணையத்தையே பார்த்ததில்லை, ஆனாலும் தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து எண்ணை ஏற்றுக்கொள்ளும். கெடு முடிந்ததும் எண் தானாகவே செத்துவிடும். குறை என்னவென்றால், கொடுத்த எண்ணை நடுவில் தூரத்திலிருந்து ரத்து செய்வது பெரும்பாலும் முடியாது, கதவருகே போயாக வேண்டும். நாமாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, வருவது நீளமாகவும் இருக்கும்.

சுவரில் தொங்கவிட்டு உள்ளே சாவியை வைக்கும் எண் பெட்டியை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. உள்ளே இருப்பது சாவி, எடுத்தவர் டூப்ளிகேட் போட்டுக்கொண்டு திருப்பி வைக்கலாம். விட்டுவந்த தொல்லைக்கே திரும்பப் போவதுதான்.

சாவித்துளையும் உள்ள கீபேட் பூட்டை வாங்கினால், அதன் பலம் அந்தத் துளையின் பலம்தான், மட்டமான சிலிண்டர் போட்டதை வாங்காதீர்கள். எந்த வகையானாலும் உள்ளிருந்து எண்ணும் சாவியும் இல்லாமல் ஒரே திருப்பில் திறக்க வேண்டும், தீப்பிடித்தால் யாரும் எண்ணை யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். குடிவருபவர் தன் எண்ணைத் தானே போட்டுக்கொள்ளட்டும், நாம் அப்போது திரும்பி நிற்கலாம். வீட்டுக்காரர் எண் ஒன்று பூட்டில் இருக்கிறது, அதை எந்தெந்தச் சமயத்தில், எவ்வளவு முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பயன்படுத்துவோம் என்பதை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.