சான் சான் மண் நகரம்: மூடுபனிக் காலையில் கேமராவுக்கு எவ்வளவு தேறும்?

பெருவின் வடக்குக் கடற்கரைப் பாலைவனத்தில், த்ருஹியோ நகரத்திலிருந்து சுமார் 5 கி.மீ. தூரத்தில் இருக்கிறது சான் சான். சிமூ அரசின் தலைநகராக இருந்து, 1470 வாக்கில் இன்காக்கள் கைக்குப் போன ஊர். ஊர் முழுவதும் கட்டியது சுடாத மண் செங்கலால். 1986-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டே ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் போட்டது. வரலாற்றுக்காகப் போகிறவர்களுக்கு விமர்சனங்கள் நிறையக் கிடைக்கும். மூடுபனியில் படமெடுக்கத் தகுமா என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. சுருக்கமாக: சுவர்களுக்குத் தகும், சிற்பங்களுக்குத் தகாது.

பாலைவனச் சிதைவுகளில் பனி பிடிப்பதில் வழக்கமான தொல்லை, கேட் திறப்பதற்குள் வெயில் ஏறிப் பனி காணாமல் போய்விடுவது. சான் சானில் அந்தக் கவலை குறைவு. குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்துக்கு மேலே குளிரும் காற்று, அதன் மேல் மூடி போட்டதுபோல் வெதுவெதுப்பான காற்று. இடையில் சிக்கிய ஈரம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடற்கரையை விட்டு எளிதில் நகராது. உள்ளூரில் கரூவா என்று சொல்லும் இந்தச் சாம்பல் தூறல் பல நாள் மதியம் வரை நிற்கும். காலை 9 மணிக்குத் திறக்கும் இடத்துக்கு இது பெரிய வரம்.

ஆனால் வானம் சாம்பலாக இருந்தாலே பனி என்று நினைத்துக் கிளம்ப வேண்டாம். மேகம் தலைக்கு மேலே நின்றுவிட்டால் தரையில் எல்லாம் தெளிவாகத் தெரியும். தூரத்துச் சுவர் மங்காது, படம் வெறுமனே சப்பென்று இருக்கும். த்ருஹியோ விமான நிலையம் பக்கத்திலேயே வான்சாகோ என்ற கடற்கரை ஊரில் இருப்பதால், அதன் வானிலை அறிக்கையான மெட்டாரைப் பாருங்கள். நிலையக் குறியீடு எஸ்.பி.ஆர்.யு (SPRU). அறிக்கையில் எஃப்.ஜி (FG) என்று இருந்தால் பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே, பி.ஆர் (BR) என்றால் அதற்கு மேலே, லேசான பனி. பார்வைத் தூரம் 300 மீட்டர் என்றால் 100 மீட்டர் தள்ளியுள்ள சுவரின் கான்ட்ராஸ்ட் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும்: அடுக்கடுக்காகச் சுவர் மங்கும் அந்தப் படம் இதில்தான் கிடைக்கும். 2000 மீட்டர் என்றால் அதே சுவரில் 85 சதவீதத்துக்கு மேல் கான்ட்ராஸ்ட் அப்படியே இருக்கும். வளாகத்துக்குள் பனி இருப்பதே படத்தில் தெரியாது.

வான்சாகோ பஸ் மெயின் ரோட்டில்தான் இறக்கிவிடும். அங்கிருந்து கேட் வரை போகும் மண் பாதையில் கேமராப் பையோடு தனியாக நடக்காதீர்கள், வழிப்பறிக்குப் பேர்போன இடம், டாக்சி எடுங்கள். ஆனால் அந்தப் பாதையின் இருபுறமும் கரைந்து மேடாகிப்போன, பழுதுபார்க்காத சுவர்களை விட்டுவிடக் கூடாது. பனியில் அவைதான் உள்ளே இருப்பதைவிட நன்றாக இருக்கும். டாக்சியை நிறுத்தச் சொல்லி, 70-200 லென்ஸில் மூன்று நான்கு மேடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி எடுக்கலாம். மேட்டில் மட்டும் ஏற வேண்டாம், மண் உதிரும்.

யுனெஸ்கோ கணக்கில் ஒன்பது அரண்மனை வளாகங்கள். சுற்றிப் பார்க்க ஒழுங்குபடுத்தியிருப்பது அவற்றில் நிக் அன் என்ற ஒரு வளாகத்தைத்தான். அதிலும் நிறையப் பகுதி மீட்டுக் கட்டியது. கூர்மையான விளிம்போடு புதுசாகத் தெரியும் சுவரை முன்னால் வைத்தால் படம் கெட்டுவிடும், அதைப் பனிக்குள் தூரத்தில் தள்ளிவிடுங்கள். பெரிய சதுக்கத்தின் மூலையில் நின்று எதிர் மூலையைப் பார்ப்பதுதான் நல்ல இடம்.

கேமராவின் ஒளி மீட்டர் பனியைச் சாம்பலாக்கிவிடும். அதனால் எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றி, ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை முட்டாமல் பாருங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப்/8-ல் 1/125 நொடிக்குப் பக்கத்தில் கிடைக்கும், ட்ரைபாட் தேவையில்லை. ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள், ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் மண்ணின் நிறம் மாறும். ஆட்டோஃபோகஸ் தடுமாறினால் சுவரின் மேல் விளிம்பும் வானமும் சேரும் கோட்டில் புள்ளியை வையுங்கள். பிறகு எடிட்டிங்கில் மங்கலை நீக்கும் டிஹேஸ் பக்கமே போகாமல், கிட்டத்துச் சுவரின் கறுப்பை மட்டும் கொஞ்சம் இறக்கினால் போதும்.

மீன், பறவை வரிசைகளும் வலைப்பின்னல் சுவர்களும்தான் இந்த இடத்தின் பேர் சொல்பவை. பனி கெடுப்பதும் அவற்றைத்தான். ஆழம் குறைந்த புடைப்புக்கு நிழல் வேண்டும், பனி வெளிச்சமோ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும். ஒரு விதிவிலக்கு: மழைக்காகக் கூரை போட்ட இடங்கள். மேலிருந்து வரும் வெளிச்சம் மறைந்து திறந்த பக்கத்திலிருந்து மட்டும் வருவதால், வெளிச்சத்துக்குக் குறுக்காக நின்றால் புடைப்பு கொஞ்சம் எழும்பித் தெரியும். கூரைக் கம்பங்கள் ஃப்ரேமுக்குள் வரும், நெருக்கி எடுங்கள். திறந்தவெளிச் சிற்பங்களுக்கு மதிய வெயிலுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாசலில் கிடைக்கும் வழிகாட்டிகள் விஷயம் தெரிந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் வேகம் சுற்றுலாக்காரர்களுக்கானது. முதல் சுற்று அவர்களோடு, இரண்டாவது தனியாக என்று பிரித்துக்கொள்ளுங்கள். ட்ரோனைக் கொண்டுபோக வேண்டாம். கலாசார அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் தொல்லியல் இடங்களில் பறக்கவிட முடியாது.

கருவிகளுக்கு இங்கே எதிரி பனியைவிட உப்பு. கடல் பக்கத்தில் என்பதால் லென்ஸில் விழும் துளி காய்ந்தால் உப்பும் மண்துகளும் ஒட்டியிருக்கும்; காய்ந்த துணியால் தேய்த்தால் கோட்டிங் கீறிவிடும். முதலில் காற்றடிக்கும் ப்ளோயர், பிறகு லென்ஸ் திரவம் தொட்ட துணி. அகலக் கோணத்தில் எஃப்/11-க்கு மேல் போனால் ஒரு துளி கூடக் கறையாக விழும். ஹூட் போட்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைப் பாருங்கள். ஈரமான ஜூம் குழாயில் மதியத் தூசி படிந்தால் சேறாகி உள்ளே போகும், அதனால் வெயில் வந்ததும் துடைத்துவிட்டுத்தான் ஜூமைத் திருப்ப வேண்டும். லென்ஸ் மாற்றுவதை டாக்சிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செய்யுங்கள், ஏசியை மட்டும் போடச் சொல்லாதீர்கள். வெளியே இறங்கியதும் லென்ஸ் கண்ணாடி வியர்த்துவிடும்.