ஒட்சிசன் சென்சர் குறியீடு வந்தால்: உடனே மாற்றுவதா, அளந்து பார்ப்பதா?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து ஆண்டு இடைவெளியில் யாழ்ப்பாணத்தில் கார் தேவைப்பட்டவர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களையே கைமாற்றி வாங்கினார்கள். பதினைந்து, இருபது வயதான அந்த ஜப்பான் கார்களில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கினால் கராஜில் பெரும்பாலும் கேட்கக் கிடைக்கும் பதில் "ஒட்சிசன் சென்சர் போயிட்டுது" என்பதே. அதன்பின் உரிமையாளர் முன் சில வழிகள் இருக்கின்றன: சென்சரை உடனே மாற்றிவிடலாம், காரின் கணினி பதிந்துவைக்கும் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு ஓடலாம், போனோடு இணையும் சிறு கருவியால் தாமே பார்க்கலாம், மல்ரிமீற்றரால் அளக்கலாம், அல்லது முழுமையான ஸ்கேனர் உள்ள கராஜுக்குப் போகலாம். எந்த வழி சரியானது என்பதைக் காரின் வயதைவிட வந்திருக்கும் குறியீட்டு எண்ணே கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

அதற்கு இந்தச் சென்சர் செய்யும் வேலையை முதலில் அறிய வேண்டும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. எரிந்து முடிந்த புகையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனை அளந்து, கலவை காற்று கூடி ஐதாக இருக்கிறதா, பெட்ரோல் கூடிச் செறிவாக இருக்கிறதா என்று கணினிக்குச் சொல்வதே சென்சரின் பணி. பொஷ் நிறுவனம் உருவாக்கிய இது 1976 இல் வொல்வோ கார்களில் முதலில் பொருத்தப்பட்டது. சாதாரண சிர்கோனியா வகைச் சென்சர் ஐதான கலவைக்கு 0.1 வோல்ற்றை அண்டியும் செறிந்த கலவைக்கு 0.9 வோல்ற்றை அண்டியும் காட்டும். நலமாக இயங்கும் எஞ்சினில் இந்த இரண்டுக்கும் இடையே இடைவிடாமல் ஏறி இறங்கும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் அது வேலை செய்யும் என்பதால் உள்ளே ஒரு சூடாக்கியும் வைத்திருக்கிறார்கள்.

இனிக் குறியீடுகள். பி 0130 முதல் பி 0135 வரையானவை புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சரையும், பி 0136 முதல் பி 0141 வரையானவை அதற்குப் பின்னால் இருக்கும் சென்சரையும் குறிக்கின்றன. இவற்றுள் 0135, 0141 இரண்டும் சூடாக்கியின் மின்சுற்றுக்கு உரியவை. பி 0171 கலவை ஐதாகிவிட்டது என்றும் பி 0172 செறிவாகிவிட்டது என்றும் சொல்கின்றன. இந்தக் கடைசி இரண்டும் சென்சர் பழுதானதைச் சொல்லும் குறியீடுகள் அல்ல. சென்சர் தன் கடமையைச் செய்து வேறெங்கோ இருக்கும் கோளாற்றை அறிவித்ததால் வருபவை. இந்த வேறுபாடு கவனிக்கப்படாததால்தான் மக்களின் காசு வீணாகிறது.

என் மைத்துனரின் 2004 ஆம் ஆண்டு ஜப்பான் காரில் நடந்ததும் இதுதான். பி 0171 வந்தது. முன் சென்சரை மாற்றினார்கள். இரண்டு கிழமையில் விளக்கு மறுபடி எரிந்தது. இரண்டாவது சென்சரும் போடப்பட்டு, அதன் பிறகும் எரிந்தபோது அவர் என்னிடம் வந்து, "மச்சான், சென்சர் புதுசு போட்டாச்சுதானே, பிறகேன் திரும்ப லைற் எரியுது?" என்று கேட்டார். போனோடு இணையும் கருவியைப் பொருத்திப் பார்த்தேன். அக்சிலேற்றரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது கணினி வழக்கத்தைவிட 28 சதவீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்றிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் அது 6 சதவீதமாகக் குறைந்தது. ஐடிலில் உறிஞ்சு குழாயின் வெற்றிடம் கூடுதலாகவும் உள்ளே வரும் காற்று குறைவாகவும் இருப்பதால், வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியாகக் களவாக நுழையும் காற்றின் பங்கு அப்போது பெரிதாகிறது. வேகம் கூடியதும் அந்தப் பங்கு சிறுத்துவிடுகிறது. கிராங்க் பெட்டியின் காற்றை மீள உறிஞ்சும் குழாயின் வளைவில், கையால் தடவினால் மட்டும் உணரக்கூடிய கீறல் இருந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான ரப்பர் குழாயோடு அந்த வேலை முடிந்தது.

ஆகவே 0171 போன்ற கலவைக் குறியீடுகளுக்கு, கணினி எத்தனை சதவீதம் எரிபொருளைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற எரிபொருள் திருத்த அளவைக் காட்டும் போன் கருவியே மற்ற வழிகளைவிட மேலானது என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஐடிலில் கூடி வேகத்தில் குறைந்தால் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். வேகமும் பாரமும் கூடக்கூடத் திருத்தமும் கூடினால் எரிபொருள் பம்பு, வடிகட்டி, காற்றளவுச் சென்சர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சென்சருக்கு முன்னால் புகைக்குழாய் இணைப்பு கசிந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு ஐதான கலவை போன்ற பொய்த்தோற்றம் உண்டாகும். தொண்ணூறுகளில் பெட்ரோல் கிடைக்காத குடாநாட்டில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய மெக்கானிக்குகள் கலவையைக் காதாலேயே திருத்தினார்கள். அவர்களிடம் பழகியவர்கள் சிலர் இன்றும் ஐடிலில் வரும் மெல்லிய சீறலைக் கேட்டே குழாய்க் கீறலைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் காதும் போன் கருவியின் எண்ணும் சேர்ந்தால் பெரிய ஸ்கேனரே தேவைப்படாது.

ஆனால் இந்தக் கருவிக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, 2000 ஆம் ஆண்டை ஒட்டி ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கார்கள் சிலவற்றில் கருவியைச் செருகும் பதினாறு முனைச் சொக்கற் இருந்தாலும் அது பொதுவான மொழியில் பதில் சொல்லாது. அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான அந்தப் பொது முறை ஜப்பானின் உள்நாட்டுக் கார்களை அப்போது கட்டுப்படுத்தவில்லை. அத்தகைய காருக்கு அந்த உற்பத்தியாளரின் மொழி தெரிந்த கராஜ் ஸ்கேனர்தான் வழி. பழைய டொயோட்டாவில் 4 ஆம், 13 ஆம் முனைகளை ஒரு வயரால் இணைத்து விளக்கு மின்னும் எண்ணிக்கையைப் படிக்கலாம். இரண்டு இலக்க முறையில் 21 பிரதான ஒட்சிசன் சென்சரையும், 25 ஐதான கலவையையும், 26 செறிந்த கலவையையும் குறிக்கும். 16 ஆம் முனையில் பற்றரி மின்சாரம் நேரடியாக இருப்பதால், முனைகளை எண்ணத் தெரியாதவர் இதில் கை வைக்கவே கூடாது.

இரண்டாவது குறை நுட்பமானது. டொயோட்டாவின் பல எஞ்சின்களில் முன்னால் இருப்பது சாதாரண ஒட்சிசன் சென்சர் அன்று, காற்று எரிபொருள் விகிதச் சென்சர். அது ஏறி இறங்காது. கலவை சரியாக இருந்தால் 3.3 வோல்ற்றை அண்டி அசையாமல் நிற்கும், ஐதானால் வோல்ற்றளவு கூடும். அதாவது சாதாரண சென்சருக்கு நேர் எதிர். பொதுவான கருவிகள் சில அந்த அளவை ஐந்தால் வகுத்து 0.66 என்று காட்டுகின்றன. ஏறி இறங்கும் கோட்டை எதிர்பார்த்தவர் இந்த நேர்க்கோட்டைக் கண்டதும் சென்சர் செத்துவிட்டதாக முடிவு கட்டி, நல்ல சென்சரைக் கழற்றி எறிந்துவிடுகிறார். செருகி பொருந்தினாலும் இந்த இரண்டு வகைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது.

சூடாக்கிக் குறியீடு வந்தால் நிலைமை வேறு. 0135 அல்லது 0141 க்கு மல்ரிமீற்றரே முதலில் கையில் எடுக்க வேண்டியது. அதன் விலை ஒரு புதிய சென்சரின் விலையில் சிறு பங்குதான். எஞ்சின் ஆறிய பின் செருகியைக் கழற்றி, சென்சர் பக்கத்தில் ஒரே நிறமுடைய இரு வயர்களுக்கு இடையே தடையை அளக்க வேண்டும். டொயோட்டாவின் விகிதச் சென்சருக்கு 20 பாகையில் 1.8 முதல் 3.4 ஓம் வரையும், பின்னால் உள்ள சாதாரண சென்சருக்கு 11 முதல் 16 ஓம் வரையும் இருப்பது வழக்கம். நம் வெயிலில் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் அஞ்ச வேண்டாம். தடை முடிவிலியாக இருந்தால் சூடாக்கி அறுந்துவிட்டது, சென்சரை மாற்றுவதே சரி. தடை சரியாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது கார் பக்கச் செருகியில் 12 வோல்ற் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் பியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றில் ஒன்றே பழுது.

பண்ணைப் பாலத்தால் தீவுப் பகுதிக்கு நாளாந்தம் போய்வரும் கார்களில் உப்புக்காற்று செருகிகளுக்குள் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கிறது. அதைக் கண்டதும் எண்ணெய்த் தெளிப்பானை அடித்துத் துடைக்கும் பழக்கத்தை ஒட்சிசன் சென்சரின் செருகியில் காட்டக் கூடாது. பல சென்சர்கள் ஒப்பீட்டுக்குத் தேவையான வெளிக்காற்றைத் தம் வயர்களின் இழைகளுக்கு ஊடாகவே உள்ளிழுக்கின்றன. எண்ணெயோ கிறீஸோ அந்த வழியை அடைத்தால் நல்ல சென்சரும் தவறாக அளக்கத் தொடங்கும். அறுந்த வயரை ஈயம் உருக்கி ஒட்டுவதும் இதே காரணத்தால் தவிர்க்கப்பட வேண்டியது.

கொன்வேட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று சொல்லும் பி 0420 வந்ததும் பின் சென்சரை மாற்றுவதையும் நான் ஏற்கமாட்டேன். பின் சென்சர் முன் சென்சரைப் போலவே துள்ளினால், இடையில் இருக்கும் கொன்வேட்டர் வேலை செய்யவில்லை என்று அது சரியாகவே சொல்கிறது. பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய உட்பகுதி முந்தைய உரிமையாளர் ஒருவரின் காலத்திலேயே எடுக்கப்பட்டு, வெறும் கூடு மட்டும் எஞ்சியிருக்கவும் கூடும்.

குறியீட்டை அழித்துவிட்டு ஓடுவது காசு செலவில்லாத வழி. இடைவிட்டு வரும் ஒரு செருகிப் பிழையை உறுதிசெய்ய ஒருமுறை அழித்துப் பார்ப்பதில் தவறில்லை. அதற்கு மேல் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நகருக்குள் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் காரில் கணினி தன் சோதனைகளை முடிக்கும் அளவுக்குச் சீரான ஓட்டமே கிடைப்பதில்லை. அதனால் விளக்கு நாட்கணக்கில் அணைந்திருந்து, ஒருநாள் ஏ9 வீதியில் வவுனியாவுக்குப் போகும்போது, பரந்தன் தாண்டியதும் எரிகிறது. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையோ குழாய்வாயில் வரும் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறது. விளக்கை அணைத்தது அந்த அளவுகளைக் குறைக்காது.

மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியான பின், கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் கழற்றிய சென்சர்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டால் நான் புதியதையே எடுப்பேன். சூடாக்கி உள்ள சென்சரின் ஆயுள் ஏறத்தாழ 160,000 கிலோமீற்றர் எனக் கணக்கிடப்படுகிறது. கழற்றியது அதில் எவ்வளவை ஏற்கெனவே கடந்தது என்று விற்பவரும் அறியார். காருக்குரிய பாக எண்ணைக் கேட்டு டென்சோ அல்லது என்ரிகே தயாரிப்பை வாங்குவதே பாதுகாப்பானது. அதற்கு முன், எஞ்சின் எண்ணெய் எரிகிறதா, கூலன்ற் குறைகிறதா, அண்மையில் சிலிக்கன் பசை பூசி ஏதும் ஒட்டினார்களா என்று பார்க்க வேண்டும். இம்மூன்றும் புதிய சென்சரையும் பாழாக்கும். இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டதால் அந்தப் பழைய எதிரி மட்டும் இல்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் திறப்பைப் போட்டு, எஞ்சினை ஸ்ரார்ட் செய்யாமல் டாஷ்போர்டைப் பார்க்கட்டும். எச்சரிக்கை விளக்கு அப்போது எரிய வேண்டும், ஸ்ரார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் பல்பை யாரோ கழற்றியிருக்கலாம். அந்தக் காருக்கு விலை பேசுவதற்கு முன் ஸ்கேனர் உள்ள ஒருவரை அழைத்துவந்து பார்க்கச் சொல்லுங்கள்.