ஓடா, ஷீட்டா? ஒரு வேலி, இரண்டு கூரைகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா மகன் வீடு. இரண்டு மகன்களுக்கும் மனக்குறை வந்துவிடக் கூடாது என்று தாத்தா ஒரே அளவில், ஒரே சீமை ஓட்டில் (மங்களூர் ஓடு) கட்டிக்கொடுத்தவை. ஒழுகத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். 2019இல் தம்பி ஓடுகளையெல்லாம் இறக்கிவிட்டு, இரும்புச் சட்டம் அடித்து நீல நிறக் கலர் ஷீட் போட்டான். நான் இரண்டு வருடம் யோசித்தேன். 2021 சித்திரையில் பழைய ஓட்டையே பிரித்து, கெட்டதைக் கழித்துவிட்டு மறுபடி வேய்ந்தேன். அவன் இறக்கிய ஓடுகளையும் நானே வாங்கிக்கொண்டேன். அதனால் நான் ஓட்டுக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் பேசுகிற விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெயிலில் ஷீட் கொதிக்கும், ஓடு அவ்வளவு கொதிக்காது. மழையில் ஷீட்டின் கீழே தொலைபேசியில் பேச முடியாது. ஷீட் வேலை நாலைந்து நாளில் முடிந்துவிடும். எனக்கு மூன்று வாரம் ஆனது. கான்கிரீட் போடலாமே என்று கேட்டவர்களை எங்கள் தெருமுனை வீட்டின் தாழ்வாரத்தைப் பார்க்கச் சொன்னேன். உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, அடிப்பூச்சைத் தள்ளிக் கீழே போட்டிருக்கிறது. கல்நார் ஷீட்டை அறுத்தாலும் துளைத்தாலும் கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

முதலில் ஓட்டுக்கு வருகிறேன். ஒழுகுகிறது என்றதும் ஓடு உடைந்திருக்கிறது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரித்துப் பார்த்தபோது உடைந்தவை குறைவு, நழுவியவைதான் அதிகம். சீமை ஓட்டின் அடியில், சரிவாக இறங்கும் கைமரங்களின் குறுக்கே அடிக்கும் ரீப்பர் சட்டத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன மூக்கு இருக்கும். அது முறிந்தாலோ ரீப்பர் இறங்கினாலோ ஓடு இரண்டு விரல் கடை கீழே சரியும். மேலே இருக்கும் ஓட்டுக்கும் அதற்கும் நடுவே வாய் திறக்கும். இதைக் கண்டுபிடிக்க ஏணி தேவையில்லை. நல்ல வெயிலில், மதியம் பன்னிரண்டு மணிக்கு, கதவு சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே படுத்து மேலே பாருங்கள். வெளிச்சம் ஊசியாக இறங்கும் இடமெல்லாம் மழையும் இறங்கும் இடம். அதில் ஓர் ஈர்க்குச்சியைச் சொருகிவிட்டால் மேலே ஏறுகிறவருக்கு அடையாளம் கிடைத்துவிடும். சொட்டு விழும் இடத்தை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் ரீப்பரைப் பிடித்துக்கொண்டே நாலடி நடந்து போய், நமக்குப் பிடித்த கட்டில் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் விழும்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ஓட்டைக் கையில் எடுத்து விரல் கணுவால் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று பேசும். மயிரிழை விரிசல் விட்டது மொத்தென்று சத்தம் போடும், கண்ணுக்குப் பார்க்க முழுசாகவே இருந்தாலும். மூன்றாவது அடையாளம் எங்கள் கடற்கரைக்கே உரியது. ஓட்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, தோல் பொரிந்து செதில் செதிலாக உதிரும். ஓடு குடித்த ஈரத்தோடு உப்பும் உள்ளே போகிறது. வெயிலில் ஈரம் வெளியேறிவிட, உப்பு உள்ளேயே படிகமாகிப் பருத்து மேல்தோலைத் தள்ளுகிறது. சூளையில் சரியாக வேகாத ஓட்டுக்கு இது சீக்கிரம் வரும். எங்கள் வீட்டில் கச்சான் காற்று மோதும் தென்மேற்குச் சரிவில் கழித்த ஓடுகள், மறுசரிவில் கழித்ததைப் போல மூன்று பங்கு. பாசி படிந்ததை வைத்து நான் எதையும் கழிக்கவில்லை. தேய்த்துக் கழுவினால் போய்விடுகிறது. முகட்டு ஓட்டுக்குக் கீழே பூசியிருந்த சிமென்ட் மட்டும் நீளத்துக்கும் வெடித்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டு, மேஸ்திரி சுண்ணாம்பு அதிகம் சேர்த்த கலவையைப் பூசினார். ‘‘சிமென்ட் முரட்டுப் பிள்ளை தம்பி, கூரை கொஞ்சம் அசைந்தாலும் கோபித்துக்கொள்ளும்’’ என்றார்.

ஷீட் கெடுவது வேறு விதம். தம்பி போட்டது இரும்புத் தகட்டின் மேல் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு, அதன் மேல் நிறம். நடுப்பகுதி இன்றைக்கும் புதுசு போலத்தான் இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கெட்டது ஓரமும் துளையும். ஷீட்டை அளவுக்கு அறுத்த விளிம்பில் பூச்சு கிடையாது. அங்கிருந்து துரு நிறத்துக்கு அடியில் ஊர்ந்து வருகிறது, பெயின்ட் கொப்புளம் போல எழும்புகிறது. வேலைக்கு வந்தவர்கள் கூரை மேலேயே கட்டிங் மெஷினால் அறுத்தார்கள். தெறித்த இரும்புப் பொறிகள் ஒட்டிக்கொண்ட இடமெல்லாம் மூன்று மாதத்தில் பழுப்புப் புள்ளி. ஷீட் போடுகிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள்: அறுப்பதைத் தரையில் வைத்து அறுக்கட்டும், கத்தரியால் வெட்டினால் இன்னும் நல்லது.

எனக்கு முடிவு சொன்னது திருகாணி. தம்பி கூரையில் இருநூறுக்கு மேல் திருகாணி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஷீட்டில் ஒரு துளை. துளையை அடைப்பது ஒரு ரப்பர் வாஷர். பகலில் ஷீட் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. துளை நாளுக்கு நாள் நீள்கிறது. ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. திருகாணி மேல் இருந்த பூச்சை உப்புக்காற்று தின்று முடித்ததும் இரும்பைத் தின்கிறது. ஐந்தாவது வருடம் ஒவ்வொரு திருகுக்குக் கீழேயும் பழுப்புக் கோடு. ஓட்டுக் கூரையில் ஓட்டைப் பிடித்துக்கொள்ள ஆணியே கிடையாது. மூக்கை மாட்டி, மேல் ஓட்டின் பாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் காற்றுக்குக் கடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இது என் கற்பனை என்று தோன்றினால் பாம்பனைப் பாருங்கள். 1914இல் திறந்த ரயில் பாலத்தைக் காப்பாற்றப் பெயின்ட் அடிப்பதே ஓயாத வேலையாக இருந்தது. கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற விலையுயர்ந்த பூச்சும் தேவைப்பட்டன. உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று சோதிக்கக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தேடிப்பிடித்த இடங்களில் ஒன்று, எங்களுக்கும் பாம்பனுக்கும் நடுவே இருக்கும் மண்டபம் என்ற ஊர். ரயில்வேக்குப் பெயின்ட் அடிக்க ஆள் இருக்கிறது. தம்பிக்குத் தம்பிதான் இருக்கிறான்.

ஷீட் விற்றவரிடம் போய்க் கேட்டபோது, அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவினீர்களா என்றார். கேள்வி நியாயமானதுதான். மழை படும் மேற்பக்கத்தில் உப்பு கழுவப்பட்டுவிடும்; மழை படாத இறவாணத்தின் அடியில் உப்பு படிந்துகொண்டே போகும். தம்பி வீட்டிலும் முதலில் ஓட்டை விழுந்தது அங்கேதான். ஆனால் குடிக்கிற தண்ணீரைக் குடம் விலைக்கு வாங்குகிற ஊரில், கிணற்றுத் தண்ணீரே உவர்க்கிற ஊரில், கூரையை எதைக் கொண்டு குளிப்பாட்டுவது? உத்தரவாதச் சீட்டை எடுத்துப் படித்தோம். கடலோரம் அதில் சேராது என்று கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது.

இப்போது எனக்குப் பாதகமான ஒரு நாளைச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 20. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் காற்றோடு வந்தது. ஓட்டு இடுக்குகளில் சாரல் ஏறி என் வீட்டில் ஏழு இடத்தில் சொட்டியது. தம்பி வீட்டில் நான்கு இடம்தான். ‘‘என்னண்ணே, பாத்திரம் போதுமா? கடன் தரட்டுமா?’’ என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டான். காற்றோடு வரும் மழையில் ஷீட் ஓட்டை வென்றுவிடும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வித்தியாசம் அடுத்த வாரம் தெரிந்தது. என் ஏழில் நான்கு வெறும் சாரல், தானாக நின்றுவிட்டது. மீதி மூன்றுக்கு ஈர்க்குச்சி வைத்து, மேஸ்திரி குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, பதினொரு மணிக்குள் ஐந்து ஓடுகளை மாற்றிவிட்டு இறங்கிவிட்டார். (ஓட்டின் மேல் நேராகக் கால் வைத்து ஏறுகிறவரை வேலைக்கு வைக்காதீர்கள். ஒன்றை மாற்ற ஏறி மூன்றை உடைப்பார்.) தம்பிக்கு ராமநாதபுரத்திலிருந்து ஆள் வர இருபது நாள் ஆனது. வந்தவர் நான்கு திருகை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, எல்லாமே ஒரே வயது என்றார். சரியாகத்தான் சொன்னார். இருநூறையும் கழற்றி ஒரு சுற்றுப் பெரிய திருகாக முடுக்கினார்கள். துருப்பிடித்ததில் பாதி தலை முறிந்துபோய்ப் பக்கத்தில் புதுத் துளை போட வேண்டியதாயிற்று. அடுத்த ஐந்தாண்டுக்குத் துளைகள் மட்டும் கூடியிருக்கின்றன.

ஓட்டுக் கூரையின் தொல்லைகளும் சின்னவை அல்ல. பனம்பழம் விழுந்தால் ஓடு காலி. மயில் ஏறி நடந்தால் வரிசையே கலையும். அதை விரட்ட யாரிடமும் வழியில்லை. ஓட்டுக்கு ஆணி இல்லை என்று பெருமையடித்தேன், ரீப்பரைக் கைமரத்தோடு பிடித்திருப்பது ஆணிதான். என் கூரை இறங்கியதற்குக் காரணமே அந்த ஆணி துருப்பிடித்ததுதான். இந்தத் தடவை துருப்பிடிக்காத எஃகுத் திருகு வாங்கிப் போட்டேன். விலை கடித்தது. நாலைந்து வருடத்துக்கு நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அதைப் பற்றி உறுதி கொடுக்க மாட்டேன். கைமரம் பழைய வைரம் பாய்ந்த பனங்கட்டை, அதில் ஒன்றிரண்டை மட்டும் கரையான் தொட்டிருந்தது. அதெல்லாம் உளுத்துப்போயிருந்தால் நானும் ஷீட்டுக்குத்தான் போயிருப்பேன். நூறு சதுர அடிக்கு உடைசல் சேர்த்து 150 ஓடு, முந்நூறு கிலோவுக்கு மேல் பாரம். ஷீட் ஐம்பது கிலோகூட வராது. மரம் தாங்காத வீட்டில் ஓட்டைப் பற்றிப் பேசுவது வீண்.

இன்னொன்று ஜோடி சேர்வது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 1860களில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அதே மாதிரியில் பல ஆலைகள் ஓடு வார்த்தன. பார்க்க ஒன்று போலத் தோன்றினாலும் ஓர் ஆலை ஓடு இன்னோர் ஆலை ஓட்டோடு பல்லுக்குப் பல் பொருந்தாது. வாங்கப் போகும்போது உங்கள் ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், முதுகில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, பொருத்திப் பார்த்தே வாங்குங்கள். எனக்கு அந்தக் கவலை இல்லாமல் போனது தம்பி ஓட்டை இறக்கியதால்தான். அவன் ஷீட் போட்டிருக்காவிட்டால் என் கணக்கு இவ்வளவு அழகாக வந்திருக்காது. எங்கள் மேஸ்திரிக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் மகன் ஷீட் வேலைக்குப் போகிறான்.

பெரும் புயலுக்கு எது தாங்கும் என்று கேட்டால், என் கூரை அப்படி ஒன்றை இன்னும் பார்க்கவில்லை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் தேவாலயத்தின் சுவர் நிற்கிறது, கூரை இல்லை. கடலுக்கு நேர் எதிரே, நூறு அடிக்குள் வீடு வைத்திருப்பவருக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

தம்பியிடம் வாங்கியதில் வேய்ந்தது போக எழுபது ஓடு மிஞ்சியது. பின்சுவரில் செங்குத்தாகச் சாத்தி வைத்திருக்கிறேன். படுக்கப் போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது உடைந்துவிடும். மயிலும் பனம்பழமும் மழையுமாக இதுவரை பதினாறு செலவாகியிருக்கிறது. போன மாதம் தம்பி வந்து, மாட்டுக் கொட்டகைக்கு ஓடு வேய வேண்டும், கொஞ்சம் கொடுப்பீர்களா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.