தண்ணீர் டெஸ்ட்டா, காற்று டெஸ்ட்டா?

தகட்டை வெல்டு செய்து பிரஷர் வெசல் (அழுத்தத்தில் காற்றோ திரவமோ அடைக்கும் கலன்) கட்டினால், அனுப்பும் முன் உள்ளே தண்ணீரையோ காற்றையோ அழுத்தி, வெல்டு தாங்குகிறதா என்று டெஸ்ட் பண்ணணும். பெங்களூரு பீன்யாவில் நம்மாட்கள் வேலை பார்க்கும் ஃபேப்ரிகேஷன் ஷாப்களில் கோடை வந்தால் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: "சார், டேங்கர் வரலை. ஏர் அடிச்சே டெஸ்ட்டை முடிச்சிடலாமா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. கம்ப்ரஸர் பக்கத்திலேயே நிற்கிறது, ஹோஸை மாட்டினால் போதும். தண்ணீர் என்றால் நிரப்பணும், வடிக்கணும், உள்ளே காய வைக்கணும். ஆனாலும் நான் தண்ணீர் பக்கம்தான்.

1,000 லிட்டர் ஏர் ரிசீவர் (அழுத்தக் காற்றைச் சேமிக்கும் டேங்க்), அது வேலை செய்யும் உச்ச அழுத்தம் 10 பார் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) என்று வைத்துக்கொள்வோம். ஏஎஸ்எம்இ (அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம்) விதித்தொகுப்பின் எட்டாம் பிரிவு, டிவிஷன் 1-ன்படி ஹைட்ரோ (தண்ணீர்) டெஸ்ட்டுக்குக் குறைந்தது இதைப் போல் 1.3 மடங்கு, அதாவது 13 பார். காற்று என்றால் 1.1 மடங்கு, 11 பார். எண்ணைப் பார்த்தால் காற்றுதான் சாது. விஷயம் தலைகீழ். 13 பாரில் அவ்வளவு தண்ணீரும் சுருங்குவது சுமார் 600 மில்லிதான். கைப்பம்பு அடிப்பவருக்கு இது கையிலேயே தெரியும். வென்ட்டில் (மேலே காற்று வெளியேறும் வழி) குமிழி நின்று தண்ணீர் மட்டும் வழிந்த பிறகு மூடினால், சில அடிகளிலேயே அழுத்தமானியின் முள் விறுவிறுவென்று ஏறும். வெல்டு விட்டுக்கொடுத்தால் கொஞ்சம் பீய்ச்சும், முள் விழுந்துவிடும். காற்றோ, வளிமண்டலத்தின் ஒரு பாரையும் சேர்த்தால், பன்னிரண்டில் ஒரு பங்காக நசுங்கி உட்கார்ந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுருங்கிய தண்ணீரில் தேங்குவது சுமார் 400 ஜூல், காற்றில் 15 லட்சம். வெல்டு கிழிந்தால் அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வரும். அந்த நேரத்தில் டார்ச் அடித்து வெல்டு பார்க்கிற தம்பி எங்கே நிற்பான்?

காற்றுக்கும் இடம் உண்டு. தண்ணீர்ப் பாரத்தைத் தாங்கும்படி வெசலோ சப்போர்ட்டோ அமையாதபோதும், உள்ளே ஈரப்பதமே கூடாத வேலைக்கும் அதுதான் வழி. அப்போதும் முதலில் டெஸ்ட் அழுத்தத்தில் பாதி வரை மெதுவாக ஏற்றி, அப்புறம் அதில் பத்தில் ஒரு பங்காகப் படிப்படியாகத்தான் போகணும். டேங்கர் வரவில்லை என்பதெல்லாம் இதில் சேராது.

தண்ணீரிலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஸ்டெயின்லெஸ் வெசலில் போர்வெல் தண்ணீரை விடும் முன், ஸ்டெயின்லெஸ்ஸை அரிக்கும் குளோரைடு அதில் எவ்வளவு என்று பார்க்கணும். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) தாண்டக் கூடாது என்று பல வாடிக்கையாளர்கள் எழுதியே கொடுப்பார்கள். வடிக்கும்போது முதலில் மேல் வென்ட்டைத் திறக்கணும். அதை மறந்துவிட்டு கீழே உள்ள டிரெயினைத் திறந்ததில், உள்ளே வெற்றிடம் உண்டாகி, மெல்லிய தகட்டு டேங்க் ஒன்று உள்வாங்கி நெளிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

டெஸ்ட் முடிந்ததும் நேம்பிளேட், அதாவது வெசலின் விவரம் பொறித்த தகடு. பஞ்ச் அடித்ததா (சுத்தியலால் எழுத்தைக் குத்தியது), எட்ச் செய்ததா (ரசாயனத்தால் அரித்துப் பொறித்தது) என்று கேட்டால், எழுத்து 4 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல், ஆழமாக இருந்தால் இரண்டுமே சரி. எட்சிங் பார்க்க அழகு. ஆனால் மெயின்டனன்ஸ்காரர்கள் வருஷா வருஷம் பிளேட் மேலேயே பெயின்ட் அடித்துவிடுவார்கள். அதைச் சுரண்டிய பிறகும் பஞ்ச் அடித்த எண் நிற்கும், ஆழம் குறைந்த எட்சிங் மங்கிப்போகும். ஸ்டிக்கரை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இன்சுலேஷன் வரும் வெசல் என்றால் பிராக்கெட்டை இன்சுலேஷனுக்கு வெளியே நீட்டி, அதில் பிளேட்டை வைக்கச் சொல்வேன்.

டெலிவரிக்கு முன் பிளேட் மேல் காகிதம் வைத்து பென்சிலால் உரசி எடுப்பது எங்கள் வழக்கம். சீரியல் எண், தயாரித்த வருஷம், அழுத்தம், வெப்பநிலை, நான்கும் காகிதத்தில் தெளிவாகத் தெரிந்தால்தான் வண்டியில் ஏற்றச் சொல்வேன்.