மண்வள அட்டை: குமரி விவசாயிக்கு எவ்வளவு பயன்?

வயல் மண்ணைச் சோதித்து அரசு தரும், 2015-இல் தொடங்கிய இந்த அட்டையில் 12 அளவுகள் வரும்: கார அமிலத்தன்மை (pH), உப்பு, கரிமம், தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து, கந்தகம், ஐந்து நுண்சத்துகள். ஆனால் திட்டத்தின் கணக்குப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரே ஒரு மண் மாதிரிதான். குமரியின் துண்டுத் துண்டு வயல்களுக்கு அது பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனையை நமக்கு வைத்துக்கொள்வது போல! மண் பரிசோதனை நிலையத்தில் தனி மாதிரி கொடுப்பதே மேல்.

கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்து, அடுத்த உரம் இடுவதற்கு முன் எடுங்கள். ஏக்கருக்கு 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவக் குழி. நெல்லுக்கு 15 செ.மீ., வாழைக்கு 22.5 செ.மீ. ஆழம். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் வேண்டாம். துத்தநாகப் பூச்சு வாளியில் கலந்தால் துத்தநாக அளவே பொய்யாகிவிடும். பிளாஸ்டிக் வாளி போதும். நிழலில் உலர்த்தி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்குங்கள்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் செம்மண் சரிவுகளில் மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துப் போவதால் மண் புளித்து அமிலமாகும். அங்கே இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். அட்டை சொல்லும் சுண்ணாம்பை முதலில் இடுங்கள், யூரியாவோடு சேர்க்காமல். சேர்த்தால் தழைச்சத்து ஆவியாகிவிடும்.

குறை ஒன்று: மேல்மண் எவ்வளவு அரித்துப் போனது என்று அட்டை சொல்லாது. சரிவின் மேல், நடு, அடி மூன்றுக்கும் தனித்தனி மாதிரி கொடுத்து, மேல்மண்ணோடு சேர்ந்து போகும் கரிமத்தின் அளவை ஒப்பிட்டால் ஓரளவு பிடிபடும்.