ஆர்கானிக் பருத்தி, மறுசுழற்சி பாலியஸ்டர், லயோசெல்: எந்தச் சான்று எதுவரை தாங்கும்?

டி-ஷர்ட்டுக்குத் துணி தேடுபவர் முன்னால் இன்று அரை டஜன் "பசுமை" நூல்கள் வரிசையில் நிற்கின்றன. எது பூமிக்கு நல்லது என்று தொடங்கினால் பேச்சு முடியாது. தண்ணீர்க் கணக்கில் ஒன்று ஜெயிக்கும், கார்பன் கணக்கில் இன்னொன்று. வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் சொல்லும் குணம் இந்த லாட்டில் (சரக்குத் தொகுதியில்) இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்பதைத்தான். இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நூலும் ஒவ்வோர் இடத்தில் தடுமாறுகிறது.

ஆர்கானிக் பருத்தி

இதற்கு இரண்டு சான்றுகள் புழக்கத்தில் உள்ளன. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. ஓ.சி.எஸ். (ஆர்கானிக் உள்ளடக்கத் தரநிலை) என்பது துணியில் எவ்வளவு ஆர்கானிக் பஞ்சு இருக்கிறது என்பதை மட்டும் தொடரும். சாயத்தில் என்ன கலந்தது, கழிவுநீர் எங்கே போனது, தைத்தவர்களுக்கு என்ன கூலி என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. ஜி.ஓ.டி.எஸ். (உலக ஆர்கானிக் துணித் தரநிலை) இவை அனைத்தையும் பார்க்கிறது. "ஆர்கானிக்" என்று லேபிள் போட 95 சதவீதம், "இவ்வளவு சதவீத ஆர்கானிக்கால் ஆனது" என்று போடக் குறைந்தது 70 சதவீதம் தேவை. மீதி இடத்தைச் சாதாரணப் பருத்தியால் நிரப்பவும் முடியாது. ஒரே வகை இழையில் ஆர்கானிக்கையும் மற்றதையும் கலக்க அனுமதி இல்லை. வெளுக்கக் குளோரின் கூடாது. விலை வித்தியாசத்தைப் பார்த்து ஓ.சி.எஸ். துணியை வாங்கிவிட்டு, சாயம் பற்றியும் பெருமை பேசுவது பொய் விளம்பரம்.

சான்றுத் தாளும் இரண்டு வகை. ஸ்கோப் சான்று, இந்த நிறுவனம் இந்த வேலையைச் செய்யத் தகுதி பெற்றது என்று சொல்லும், ஓராண்டு செல்லும். அதை மட்டும் நீட்டி வியாபாரத்தை முடிப்பவர்கள் உண்டு. உங்கள் சரக்குக்கு ஆதாரம் பரிவர்த்தனைச் சான்று. அதில் பில் எண், லாட், நிகர எடை, வாங்குபவர் பெயர் எல்லாம் இருக்கும். அது வந்ததும் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1,000 டி-ஷர்ட், ஒன்று 150 கிராம் என்றால் தைத்த எடை 150 கிலோ. கட்டிங்கில் 18 சதவீதம் கழிந்தால், சாயமேற்றிய துணி 183 கிலோ தேவை. சாயப்பட்டறையில் 8 சதவீத எடை இழப்பு என்றால் பின்னிய கோராத் (சாயமேற்றாத) துணி 199 கிலோ. பின்னல் இழப்பையும் சேர்த்தால் நூல் ஏறத்தாழ 202 கிலோ. கோம்டு (சீவிக் குட்டை இழைகளை நீக்கிய) நூலாக இருந்தால் பஞ்சில் கால் பங்குக்கு மேல் நூற்பாலையிலேயே கழிந்துவிடும். ஆகவே 275 கிலோ பஞ்சு. ஜின்னிங்கில் (விதையைப் பிரிப்பதில்) 34 சதவீதம் பஞ்சு கிடைக்கும் என்று வைத்தால், விதையோடு கூடிய பருத்தி 800 கிலோவுக்கு மேல். நூலுக்கான சான்றில் 140 கிலோ என்று இருந்து, 183 கிலோ துணி உங்களிடம் வந்திருந்தால் இடையில் வேறு நூல் சேர்ந்திருக்கிறது. ஒவ்வோர் ஆலையின் இழப்பும் சற்று மாறும்; ஆனால் துணியின் எடை நூலின் எடையைத் தாண்டாது.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது 2020-ல் தெரிந்தது. இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றுகளோடு ஆர்கானிக்காகக் காட்டப்பட்டதை ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. ஆய்வகச் சோதனையும் ஓரளவுக்கே உதவும். ஆர்கானிக்கில் இடமில்லாத மரபணு மாற்றப் பருத்தியைக் கண்டறிய 2019-ல் வந்த ஐ.எஸ்.ஓ. ஐ.டபிள்யூ.ஏ. 32 முறை விதை, இலை, பஞ்சு ஆகியவற்றுக்குப் பொருந்தும். வெளுத்துச் சாயமேற்றிய துணியில் டி.என்.ஏ. சிதைந்துவிடும். எனவே பஞ்சு நிலையில் எடுத்த சோதனை அறிக்கையைக் கேளுங்கள். தைத்த சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்புவது வீண் செலவு.

ஆர்கானிக்குக்கு மாறும் நிலத்துக்கு ஆண்டுப் பயிர் விதிகள் பலவற்றில் 2 ஆண்டு, அமெரிக்க விதியில் 36 மாதம் காத்திருப்பு உண்டு. அந்தக் காலத்தில் விவசாயிக்குச் செலவும் விளைச்சல் இழப்பும் வரும், கூடுதல் விலை வராது. மாற்றக் காலப் பருத்தியை "மாற்றக் காலம்" என்ற பெயரோடே வாங்கும் நிறுவனம், லோகோவுக்காக மட்டும் வாங்கும் நிறுவனத்தைவிட அதிகம் செய்கிறது என்பது எங்கள் கருத்து.

பெட்டர் காட்டன் என்ற பருத்தித் திட்டம் ஆர்கானிக்குக்குப் போட்டியல்ல, தனி வகை. மரபணு மாற்ற விதைக்கும் அதில் இடம் உண்டு. ஜின்னிங் வரைதான் தனியாக வைப்பார்கள். அதற்குப் பிறகு பழைய முறையில் எடைச் சமன் கணக்கு. ஆலை 10 டன் வாங்கினால் 10 டன்னுக்கான வரவு கைமாறும், பஞ்சு மற்றதோடு கலந்துவிடும். அந்த முறையில் வாங்கியவர் "இந்தச் சட்டையில் பெட்டர் காட்டன் இருக்கிறது" என்று சொல்ல முடியாது. 2023 முதல் சரக்கையே தொடரும் முறையும் வந்திருக்கிறது. எந்த முறையில் வாங்குகிறீர்கள் என்று ஆர்டரில் எழுதிவிடுங்கள்.

மறுசுழற்சிப் பருத்தி

கட்டிங் கழிவைக் கிழித்து மீண்டும் நூற்பது. சாயமேற்றிய கழிவை நிறவாரியாகப் பிரித்தால் மறுபடி சாயமே வேண்டாம். தண்ணீர்ச் சேமிப்பில் இதற்கு இணை கிடையாது. விலையாக இழை நீளத்தைக் கொடுக்க வேண்டும். கிழிக்கும்போது இழை உடைவதால் நூல் பலமிழக்கும், முடி எழும்பும், பின்னும்போது ஓட்டை விழும். அதனால்தான் 20 முதல் 30 சதவீதம் கலந்து மீதிக்குப் புதுப் பஞ்சு சேர்க்கிறார்கள். தடித்த கவுண்ட் (நூல் பருமன்) என்றால் ஓப்பன் எண்ட் (ரோட்டாரில் நூற்ற) நூலாக. கழிவில் எலாஸ்டேன் (இழுபடும் இழை) இருந்தால் கிழிக்கும் உருளையில் கட்டிக்கொண்டு கட்டி கட்டியாக விழும், ஆகவே பிரிப்பில் கண்டிப்பு வேண்டும்.

சான்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜி.ஆர்.எஸ். (உலக மறுசுழற்சித் தரநிலை) சான்று பெற 20 சதவீத மறுசுழற்சி போதும், ஆனால் சட்டையில் லோகோ போட 50 சதவீதம் வேண்டும். 30 சதவீதக் கலப்பு முதல் படியைத் தாண்டும், இரண்டாவதைத் தாண்டாது. ஹேங் டேக் (தொங்கு அட்டை) அச்சடித்த பிறகு இது தெரியவந்தால் அத்தனையும் குப்பைக்குப் போகும். 5 சதவீதத்திலேயே தொடங்கும் ஆர்.சி.எஸ். (மறுசுழற்சி உள்ளடக்கத் தரநிலை) உண்டு, அது அளவை மட்டுமே பார்க்கிறது. துணி வாங்கும்போது வெடிப்பு வலிமை, முடிச்சு எழும்பும் தரம், சுருக்கம் மூன்றுக்கும் அறிக்கை கேளுங்கள்.

மறுசுழற்சி பாலியஸ்டர்

2023-ல் உலகம் உற்பத்தி செய்த 12.4 கோடி டன் இழையில் 57 சதவீதம் பாலியஸ்டர். அந்தப் பாலியஸ்டரில் எட்டில் ஒரு பங்கு மறுசுழற்சி. அதில் மிகப் பெரும்பகுதி பாட்டிலில் இருந்து வருவது, பழைய உடையில் இருந்து அல்ல. பாட்டில் மீண்டும் பாட்டிலாகலாம். சட்டையானால் அதோடு அதன் பயணம் ஏறக்குறைய முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் பெட் (பாலியஸ்டர் வகைப் பிளாஸ்டிக்) பாட்டில்களில் 25 சதவீத மறுசுழற்சிப் பொருள் வேண்டும் என்று விதித்திருப்பதால், பாட்டிலை நொறுக்கிய அதே சில்லுகளுக்குப் பானத் தொழிலும் கை நீட்டுகிறது. துவைக்கும்போது உதிரும் நுண்ணிழை புதுப் பாலியஸ்டரைப் போலவே உதிரும். இவ்வளவுக்குப் பிறகும் விளையாட்டு உடை, மழை உடை போன்ற பாலியஸ்டரை விட முடியாத இடத்தில் இதுவே சரியான தேர்வு. பருத்தியே போதுமான டி-ஷர்ட்டில் இதைக் கலப்பது தவறு. கலப்புத் துணியைப் பின்னர் பிரித்து மறுசுழற்சி செய்வது இன்னும் கடினமாகிவிடும்.

ஆலையில் கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். சில்லைச் சுமார் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) ஈரத்துக்குக் கீழே உலர்த்தாமல் உருக்கினால் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து நூல் அடிக்கடி அறும். லேபிளில் இருந்து துளி பி.வி.சி. கலந்தாலும் அமிலம் கிளம்பி மஞ்சள் ஏறும். எனவே தூய வெள்ளையையும் வெளிர் நிறங்களையும் தவிர்ப்பது நல்லது. இரண்டு லாட் நூலை ஒரே துணியில் பின்னினால் சாயத்துக்குப் பிறகு பட்டை தெரியும்.

புது இழைக்கும் மறுசுழற்சி இழைக்கும் வேறுபாடு காட்டும் எளிய சோதனை இல்லாததால் இங்கே எல்லாம் தாளை நம்பித்தான். சான்றுச் சங்கிலி மறுசுழற்சி ஆலையில் தொடங்குகிறது. பாட்டில் சேகரிப்பவர் அதற்கு வெளியே, சுய அறிவிப்போடு நிற்கிறார். சேகரித்த இடத்தின் பில்லையும் எடையையும் கேட்பது அதிகப்படியான கேள்வி இல்லை.

விஸ்கோஸும் லயோசெல்லும்

இரண்டும் மரக்கூழ்; கரைக்கும் முறை வேறு. விஸ்கோஸில் காஸ்டிக் சோடாவோடு கார்பன் டைசல்பைடு சேர்கிறது. அந்த வாயு தொழிலாளியின் நரம்பையும் இதயத்தையும் தாக்கும். ஆலை அதை எவ்வளவு பிடித்து மீட்கிறது என்பதில்தான் நல்ல ஆலையும் மோசமான ஆலையும் பிரிகின்றன. லயோசெல்லில் என்.எம்.எம்.ஓ. கரைப்பான், 99 சதவீதத்துக்கு மேல் மீட்டுத் திரும்பப் பயன்படுகிறது. இதில் தயக்கமில்லை: லயோசெல் மேல்.

ஆனால் பெயரைக் கவனியுங்கள். டென்செல் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். லயோசெல், மோடல் இரண்டும் அந்தப் பெயரில் விற்கின்றன. மோடல் விஸ்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மூங்கில் துணி என்று வருவதும் பெரும்பாலும் விஸ்கோஸ்தான். அப்படி விற்றதற்காக 2022-ல் அமெரிக்க எஃப்.டி.சி. (வர்த்தக ஒழுங்கு ஆணையம்) இரண்டு பெரிய சில்லறை நிறுவனங்களிடம் மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. கரைப்பான் நல்லது என்பதால் காடு தப்பியது என்றும் ஆகாது, கூழுக்கு எஃப்.எஸ்.சி. (பொறுப்பான வனப் பராமரிப்பு) சான்றைத் தனியாகக் கேளுங்கள். லயோசெல்லை அடர் நிறத்தில் சாயமேற்றினால் ஈரத்தில் உரசி மெல்லிய இழை பிரிந்து வெளுத்த தோற்றம் தரும்; என்சைம் கழுவல் சொல்லிவிட வேண்டும்.

தைப்பவர்கள்

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 துணியில் தீங்கான ரசாயனம் உண்டா என்று சோதிப்பது. உடுத்துபவருக்கு அது நல்லது. தைத்தவரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அவருக்காக இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன: தனியார் தணிக்கை, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்.

கராச்சியில் 2012 செப்டம்பர் 11-ல் தீயில் 250-க்கும் அதிகமானோர் இறந்த ஆலை, சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ.8000 என்ற தொழிலாளர் நலச் சான்று பெற்றிருந்தது. 2013 ஏப்ரல் 24-ல் இடிந்து 1,100-க்கும் அதிகமானோரைக் கொன்ற வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடத்திலும் தணிக்கை பார்த்த தொழிற்சாலைகள் இருந்தன. அந்தத் தணிக்கை கட்டடத்தின் உறுதியைப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே உருவான வங்கதேச அக்கார்டு ஒப்பந்தத்தில் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டன. சுயேச்சையான பொறியாளர்கள் ஆய்வு செய்வார்கள், அறிக்கை பகிரங்கமாகும், பழுது பார்க்கப் பணம் கிடைப்பதற்கு பிராண்டும் பொறுப்பு. 2023-ல் அது பாகிஸ்தானுக்கும் விரிந்தது. தணிக்கைத் தாளையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஒப்பந்தம் எட்டாத சிறு நிறுவனமும் தன் ஆர்டரைத் திருத்திக்கொள்ளலாம். 25 பேர் கொண்ட ஒரு தையல் லைன், 8 மணி நேரம், சட்டைக்கு 6 நிமிட வேலை, 55 சதவீதத் திறன் என்றால் நாளுக்கு 1,100 சட்டை. 10,000 சட்டைக்கு ஏறத்தாழ 9 நாள் முழுதாக வேண்டும். நிற ஒப்புதலை நீங்கள் 5 நாள் தாமதித்து, கப்பல் தேதியை அப்படியே வைத்தால், மீதி 4 நாளில் 4,400 சட்டைதான் முடியும். பாக்கி இரவு வேலையாகும், அல்லது சொல்லாமல் வெளி யூனிட்டுக்குப் போகும். அந்த யூனிட் ஸ்கோப் சான்றில் இருக்காது. அங்கே தைத்த சட்டைக்கு ஜி.ஓ.டி.எஸ். லேபிள் போடும் உரிமையும் போய்விடும், பஞ்சில் இருந்து இதுவரை பார்த்த கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். ஒப்புதல் எத்தனை நாள் தள்ளுகிறதோ கப்பல் தேதியும் அத்தனை நாள் தள்ளும் என்ற ஒரு வரியை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள்.