மாங்கூழுக்கு புரோப் சோனிகேட்டர்: வாங்கலாம், எதற்கென்று தெரிந்தால்

புரோப் சோனிகேட்டர் என்பது திரவத்துக்குள் முனையை இறக்கி மீயொலி அதிர்வைச் செலுத்தும் கருவி. 500 வாட், 20 கிலோஹெர்ட்ஸ், 13 மி.மீ. டைட்டானியம் முனை. உணவுத் தொழில்நுட்ப ஆய்வகங்களில் பரவலாகக் காணும் அமைப்பு இதுதான். இதை மாம்பழச் சாற்றில் பயன்படுத்தினால் முதலில் கண்ணில் படுவது, பாட்டிலில் கூழ் சீக்கிரம் அடியில் தங்காததுதான். ஒலியலையில் உருவாகும் நுண்குமிழ்கள் வெடித்து, கூழ்த் துகள்களை உடைத்துச் சிறிதாக்கிவிடுகின்றன.

கிளிமூக்கு மாங்கூழை அப்படியே வைத்தால் வேலைக்கு ஆகாது. கெட்டியான கூழில் அதிர்வு முனையைத் தாண்டிப் போகாது. தண்ணீர் சேர்த்து, சல்லடையில் நார் நீக்கி, 250 மி.லி. பீக்கரில் 200 மி.லி. எடுங்கள். முனை 2 முதல் 2.5 செ.மீ. மூழ்க வேண்டும், கண்ணாடியைத் தொடக் கூடாது. மேலாக வைத்தால் காற்றை இழுத்து நுரை கட்டும், அதோடு வைட்டமின் சி-யும் குறையும். பீக்கரைச் சுற்றிப் பனிக்கட்டி, 5 விநாடி ஓட்டம், 5 விநாடி ஓய்வு. 5 நிமிட ஓட்டத்துக்குக் கடிகாரத்தில் 10 நிமிடம் ஆகும். அளவு மீறி ஓட்டினால் சாற்றில் உலோக வாடை வரும்.

கருவியின் திரையில் 60 சதவீதம் என்று காட்டினால் அது முனை அதிரும் வீச்சுதான், சாற்றுக்குள் போகும் வாட் அல்ல. பனிக்கட்டி இல்லாமல் 200 மி.லி. தண்ணீரை 1 நிமிடம் ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள்: 12 டிகிரி ஏறினால் உள்ளே போனது ஏறத்தாழ 167 வாட். இந்தக் கணக்கு இல்லாமல் இரண்டு கருவிகளை ஒப்பிடுவது வீண்.

பெரிய குறை நொதியில் இருக்கிறது. குளிர்ச்சியாக ஓட்டினால் பழத்திலேயே இருக்கும் பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற நொதி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அது சாற்றுக்குக் கெட்டித்தன்மை தரும் பெக்டினை மாற்ற, கால்சியம் வந்து பிணைய, சில நாளில் சாறு மறுபடியும் தெளிந்து பிரியும். ஆக, கருவியின் ஒரே பெரிய பலனும் சூடு இல்லாமல் நிலைக்காது. 50 முதல் 60 டிகிரியில் வைத்து ஓட்டினால் நொதியும் கிருமிகளும் கூடுதலாகக் குறையும். அப்போதும் இதை பாஸ்டரைசருக்கு மாற்றாக எண்ண வேண்டாம். அமெரிக்கச் சாறு விதி கேட்கும் 1,00,000 மடங்குக் கிருமிக் குறைப்பை உங்கள் சாற்றிலேயே சோதித்து நிரூபித்தாக வேண்டும்.

முனையில் குழி விழும். சாம்பல் நிறத் துகள் சாற்றில் கலக்கும். லேசான குழியை எமரி தாளில் தேய்க்கலாம், ஆழமானால் மாற்றியே ஆக வேண்டும். காதுக்கவசம் தனியாக வாங்கிவிடுங்கள், சத்தம் அப்படி.

விலை மலிவு என்று நகை கழுவும் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலித் தொட்டியை வாங்குகிறவர்களும் உண்டு. அலுமினியத் தாளை அதில் நிறுத்திப் பாருங்கள், ஓட்டை சில இடங்களில் மட்டுமே விழும்; அதாவது அதிர்வு எங்கும் சீராக இல்லை. சாற்றில் கரைந்த காற்றை வெளியேற்ற மட்டும் அது போதும்.

கல்லூரி ஆய்வகத்துக்கும் புதுப் பானம் வடிவமைப்பவருக்கும் புரோப் கருவி தாராளமாகத் தகும். ஜூஸ் கடைக்குத் தேவையில்லை. லிட்டர் கணக்கில் ஓட்டுவதானால் குளிர்நீர் உறை உள்ள ஃப்ளோ செல் (சாறு முனையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும் அறை) இணைப்பும் இருக்கிறதா என்று ஆர்டருக்கு முன்பே கேளுங்கள்.